அமெரிக்க முன்னாள் படைவீரரின் நச்சுப் பாதிப்பு மனு: துணை நிற்பவருக்கு ஒரு வழிகாட்டி

ஈராக்கில் பாக்தாதுக்கு வடக்கே பலாட் என்ற அமெரிக்க விமானதளம் இருந்தது. அங்கே ஏறத்தாழ பத்து ஏக்கர் அளவுக்குப் பரந்த குழியில் பிளாஸ்டிக், பேட்டரி, டயர், பெயின்ட், மருத்துவக் கழிவு என்று எல்லாவற்றையும் போட்டு எரித்தார்கள். தீ நன்றாகப் பிடிக்க ஜெட் எரிபொருளையும் ஊற்றினார்கள். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் தளத்துக்குத் தளம் சிறிதும் பெரிதுமாக இப்படிக் குழிகள் இருந்தன. அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து மூச்சுத் திணறலோடும் புற்றுநோயோடும் வந்து நின்றபோது, இழப்பீடு பெற, நோய்க்கும் புகைக்கும் தொடர்பு உண்டென்று அவர்களே நிரூபிக்க வேண்டியிருந்தது. பெரும்பாலானோரால் முடியவில்லை. 2022 ஆகஸ்ட் 10 அன்று கையெழுத்தான பாக்ட் சட்டம் அந்தச் சுமையில் பெரும்பகுதியை இறக்கி வைத்தது. ஓஹாயோ தேசியக் காவல்படையில் பணியாற்றி, 2020இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்த ஹீத் ராபின்சனின் பெயரைத்தான் அந்தச் சட்டத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

சட்டம் வந்துவிட்டது என்பதற்காக, மாதாந்திர இழப்பீடு கேட்கும் மனு தானாக நகர்ந்துவிடாது. முன்னாள் படைவீரர் நலத்துறையில் (எல்லோரும் வி.ஏ. என்றே சொல்வார்கள்) ஒரு மனு தோற்றால், பெரும்பாலும் அதற்குக் காரணம் ஏதோ ஒரு காகிதம் இல்லாமல் போனதாகவோ, ஒரு தேதி தவறியதாகவோ இருக்கும். உடம்பு முடியாதவர் தனியாக இந்தப் படிவங்களோடு மல்லுக்கட்டுவது கஷ்டம். மனைவி, மகன், மகள், பக்கத்து வீட்டுக்காரர், உடன் பணியாற்றியவர் என யாராவது ஒருவர் கூட உட்கார வேண்டும். அந்த ஒருவருக்காக எழுதப்பட்டது இது. 2009 முதல் சில ஆண்டுகள் நடந்த மாவ்னி திட்டத்தில் தமிழ் பேசுகிறவர்களையும் மொழித் தேவைக்காக அமெரிக்க ராணுவத்தில் சேர்த்தார்கள். ஆகவே நம் குடும்பங்களிலும் இந்தக் கேள்வி வரும்.

நீங்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது

படிவத்தைத் தட்டச்சு செய்து தருவது, ஆவணம் தேடுவது, மருத்துவமனைக்குக் கூடப் போவது ஆகியவற்றை யார் வேண்டுமானாலும் செய்யலாம். படைவீரருடைய பிரதிநிதியாக வி.ஏ.வோடு பேசவும் மனுவை நடத்தவும் அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரம் பெற்றவர்கள் மூன்று வகை: அமெரிக்கன் லீஜியன், வி.எஃப்.டபிள்யூ., டி.ஏ.வி. போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களின் அலுவலர்கள், தனி முகவர்கள், வழக்கறிஞர்கள். பல கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) அரசுச் சம்பளத்தில் படைவீரர் சேவை அலுவலர் ஒருவரும் இருப்பார். சங்கத்தாரும் கவுண்டி அலுவலரும் ஒரு பைசா வாங்க மாட்டார்கள். புதிதாக உதவ வருகிறவருக்கு நல்ல வழி, அவர்களில் ஒருவரைப் பிரதிநிதியாக நியமித்துவிட்டு (படிவம் 21-22), ஆவண வேலையைத் தன் தலையில் போட்டுக்கொள்வது. சங்க அலுவலர் கையில் ஒரே நேரத்தில் ஏராளமான கோப்புகள் இருக்கும். அடுக்கி, தலைப்பிட்டு, தேதிவாரியாகத் தரப்பட்ட கோப்பு எதுவோ அதுதான் முதலில் நகரும்.

அங்கீகாரம் இல்லாத ஒருவர் ஒரே ஒரு மனுவுக்கு மட்டும் பிரதிநிதியாக இருக்க விதியில் இடம் உண்டு. 21-22ஏ படிவத்தோடு, பணம் எதுவும் வாங்கவில்லை என்று இருவரும் கையெழுத்திட்ட வாக்குமூலம் தர வேண்டும். பிள்ளைகள் பெற்றோருக்காக இந்த வழியில் வருவதுண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. முதல் மனுவைத் தயாரித்துத் தருவதற்கு யாரும் கட்டணம் வாங்கக் கூடாது, வழக்கறிஞரும்கூட. முதல் தீர்ப்பு வந்த பிறகுதான் அவர்கள் கட்டணம் பேசலாம். நிலுவைத் தொகையில் 20 விழுக்காடு வரை நியாயம் என்றும், மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நியாயமில்லை என்றும் விதி கொள்கிறது. “உங்கள் மாதத் தொகையில் வரும் உயர்வில் ஐந்து மாதப் பணம் எங்களுக்கு” என்று ஒப்பந்தம் நீட்டும் நிறுவனங்கள் தங்களை ஆலோசகர்கள் என்று சொல்லிக்கொள்ளும். வி.ஏ.வின் சட்டப் பிரிவு இணையத்தில் வைத்திருக்கும் அங்கீகாரப் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதல் நாளே தேதியைப் பிடியுங்கள்

ஆவணம் எதுவும் கையில் இல்லாவிட்டாலும் முதல் நாளே செய்ய வேண்டியது ‘மனு போட எண்ணம்’ தெரிவிப்பது. படிவம் 21-0966. இணையத்தில் உள்நுழைந்து இழப்பீட்டு மனுவைத் தொடங்கினாலே இது பதிவாகிவிடும், 800-827-1000 எண்ணில் தொலைபேசியிலும் சொல்லலாம். அன்றிலிருந்து ஓராண்டு அவகாசம். மார்ச் 10 அன்று எண்ணம் தெரிவித்து அடுத்த ஜனவரியில் முழு மனுவைப் போட்டாலும், வென்றால் மார்ச் 10 தான் தொடக்கத் தேதி, பணம் ஏப்ரல் 1 முதல் கணக்காகும். ஆவணம் எல்லாம் சேரட்டும் என்று காத்திருந்து நேரடியாக ஜனவரியில் போட்டவருக்கு ஏறத்தாழ பத்து மாதப் பணம் போய்விடும். பிறகு அழுதாலும் வராது. ஓராண்டைத் தாண்டினாலும் இதே கதி, ஆகவே முடிவுத் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

சிகிச்சை ஒருபுறம் நடக்கட்டும். 2024 மார்ச் 5 முதல், பணியின்போது நச்சுக்கு ஆளானவர்கள் இழப்பீட்டு மனு போடாமலேயே வி.ஏ. மருத்துவத்தில் சேரலாம். படிவம் 10-10 ஈஸி. சேர்ந்ததும் நச்சு வெளிப்பாட்டுக் கேள்விச் சோதனையை நடத்தச் சொல்லிக் கேளுங்கள். ஐந்து பத்து நிமிட வேலை, அதன் பதில்கள் மருத்துவக் கோப்பில் ஏறிவிடும். குழிப் புகைக்கு ஆளானவர்களுக்காக வி.ஏ. வைத்திருக்கும் எரிகுழிப் பதிவேட்டில் பெயர் இருப்பதை மனு போட்டதாக நினைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் உண்டு. பதிவேடு ஆய்வுக்கானது, மனு வேறு.

எந்த இடம், எந்த ஆண்டு, எந்த நோய்

சட்டம் சில நோய்களை ‘பணியால் வந்ததாகக் கருதப்படும்’ பட்டியலில் வைத்திருக்கிறது. இடமும் காலமும் நோயும் பட்டியலோடு பொருந்தினால் காரணத் தொடர்பை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஒரு பட்டியலை இன்னொன்றோடு குழப்புவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு.

வளைகுடாப் பகுதி: ஈராக், குவைத், சவுதி அரேபியா, பஹ்ரைன், கத்தார், ஓமான், ஐக்கிய அரபு அமீரகம், சோமாலியா ஆகியவற்றில் 1990 ஆகஸ்ட் 2க்குப் பிறகு எப்போது பணியாற்றியிருந்தாலும் சரி. ஆப்கானிஸ்தான், ஜிபூட்டி, எகிப்து, ஜோர்டான், லெபனான், சிரியா, உஸ்பெகிஸ்தான், ஏமன் ஆகியவற்றுக்கு 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு. இத்தனை நாள் இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கு இல்லை. நோய்கள்: மூளை, செரிமான மண்டலம், தலை, கழுத்து, சிறுநீரகம், கணையம், சுவாச மண்டலம், இனப்பெருக்க உறுப்புகள் ஆகியவற்றின் புற்றுநோய்கள், லிம்ஃபோமா, மெலனோமா. 2025 ஜனவரியில் ரத்தப் புற்றுநோய்களும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் சேர்ந்தன. புற்றுநோய் அல்லாதவற்றில், பணிக்குப் பிறகு கண்டறியப்பட்ட ஆஸ்துமா, நாள்பட்ட சைனசைட்டிஸ், நாள்பட்ட மூக்கழற்சி, சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு நோய்), நுரையீரல் நார்த்திசு நோய், சார்காய்டோசிஸ், சிறு மூச்சுக்குழல் இறுக்கம் முதலியவை.

வியட்நாம்: 1962 ஜனவரி 9 முதல் 1975 மே 7 வரை நிலத்திலோ கரையிலிருந்து 12 கடல்மைல் எல்லைக்குள்ளோ இருந்தவர்களை, அந்தப் போரில் காடுகளை அழிக்கத் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லிக்கு ஆளானதாக எடுத்துக்கொள்வார்கள். பாக்ட் சட்டம் தாய்லாந்துத் தளங்கள், குவாம், அமெரிக்கன் சமோவா, லாவோஸ், கம்போடியாவின் சில பகுதிகள் ஆகியவற்றையும் தனித்தனிக் காலவரையறைகளோடு சேர்த்தது. நோய்ப் பட்டியலில் உயர் ரத்த அழுத்தம் அப்போதுதான் ஏறியது. இந்த ரத்த அழுத்தம் ஏஜென்ட் ஆரஞ்சுப் பட்டியலில் மட்டுமே இருக்கிறது. ஈராக்கில் இருந்தவர் அதை எரிகுழிக் கணக்கில் போட்டால் பட்டியல் வழியில் நிற்காது. தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் ஸ்லீப் ஆப்னியா எந்தப் பட்டியலிலும் இல்லை, ஆனால் எல்லோரும் முதலில் அதைத்தான் எழுதுகிறார்கள்.

கேம்ப் லெஜூன்: வட கரோலினாவின் இந்த மரைன் தளத்தில் குடிநீரில் டிரைகுளோரோஎத்திலீன், பென்சீன் போன்றவை கலந்திருந்தன. 1953 ஆகஸ்ட் 1 முதல் 1987 டிசம்பர் 31 வரை மொத்தம் 30 நாள் இருந்தால் போதும். சிறுநீரகம், கல்லீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய், பார்க்கின்சன் உள்ளிட்ட எட்டு நோய்கள். நீதிமன்ற இழப்பீட்டுக்கான கடைசி நாள் 2024 ஆகஸ்ட் 10 அன்று முடிந்துவிட்டது. வி.ஏ. இழப்பீட்டு மனுவுக்குக் கடைசி நாளே கிடையாது. இரண்டும் வேறு வேறு என்று தெரியாமல் கைவிட்டவர்களைத் தேடிப் பிடித்துச் சொல்லுங்கள்.

நோய் பட்டியலில் இல்லையென்றால் கதவு மூடிவிட்டதாக அர்த்தமில்லை. மூன்றையும் காட்ட வேண்டும்: இப்போது ஒரு நோயறிக்கை, பணியில் நடந்த ஒன்று, இரண்டையும் இணைக்கும் மருத்துவக் கருத்து. இங்கேதான் டெரா (நச்சு அபாயச் செயல்) என்ற சொல் உதவுகிறது. நச்சு அபாயச் செயலில் ஒருவர் ஈடுபட்டதாகப் பதிவு இருந்தால், வி.ஏ. தன் செலவில் பரிசோதனை நடத்தி மருத்துவக் கருத்தும் பெற்றாக வேண்டும். அந்தக் கருத்து எல்லாப் பணியிடங்களிலும் பட்ட நச்சுகளை மொத்தமாகவும், ஒன்றோடொன்று சேர்ந்து செய்யும் விளைவையும் பார்த்து எழுதப்பட வேண்டும். ஒரே ஒரு ரசாயனத்தை எடுத்து ‘இதனால் இந்த நோய் வராது’ என்று முடித்திருந்தால், அதைக் குறையுள்ள கருத்து என்று சுட்டிக்காட்டி மேலே போகலாம்.

டிடி-214ஐ எப்படிப் படிப்பது

பணிவிடுப்புச் சான்றான (படைப்பணியிலிருந்து விடுவிக்கப்பட்டதைக் காட்டும்) டிடி-214க்குக் குட்டைப் பிரதி, நீளப் பிரதி என்று இரண்டு உண்டு. குட்டைப் பிரதியில் விடுப்பின் தன்மையும் காரணமும் இருக்காது. ‘மெம்பர்-4’ என்று அச்சிட்ட நீளப் பிரதிதான் வேண்டும். 11ஆம் கட்டத்தில் பணிவகை, 13இல் பதக்கங்கள், 18இல் குறிப்புகள், 24இல் விடுப்பின் தன்மை. எங்கே பணியாற்றினார் என்பது பெரும்பாலும் 18ஆம் கட்டத்தில் ‘குவைத்தில் பணி’ என்று தேதிகளோடு இருக்கும். ஈராக் அல்லது ஆப்கானிஸ்தான் போர்ப் பதக்கம் 13இல் இருந்தால் அதுவும் வலுவான சான்று.

இரண்டும் இல்லாத டிடி-214களும் நிறைய உண்டு, குறிப்பாகத் தற்காலிகமாக அனுப்பப்பட்டவர்களுக்கு. அப்போது பயண உத்தரவு, பயணப்படி ரசீது, பணி மதிப்பீட்டு அறிக்கை, ஆபத்துப் பகுதிப் படி ஏறிய சம்பளச் சீட்டு ஆகியவற்றைத் தேடுங்கள். சம்பளச் சீட்டை யாரும் நினைப்பதில்லை. மாதவாரியாக ஆள் எங்கே இருந்தார் என்பதை அது சொல்லிவிடும். பாதுகாப்புத் துறையும் வி.ஏ.வும் சேர்ந்து வைத்திருக்கும் ஐலர் என்ற வெளிப்பாட்டுப் பதிவும் உண்டு. அதில் பெயர் இல்லாதது ஆள் அங்கே இல்லாததற்குச் சான்றாகாது, பழைய காலத்துப் பதிவுகள் அதில் குறைவு.

பழைய கோப்புகளைச் செயின்ட் லூயிஸ் தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் எஸ்.எஃப்.-180 படிவத்தில் கேட்க வேண்டும். 1973 ஜூலை 12 அன்று அங்கே பிடித்த தீயில் 1.6 முதல் 1.8 கோடிக் கோப்புகள் அழிந்தன. 1960க்கு முன் பணிவிடுப்புப் பெற்ற ராணுவத்தினரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு போய்விட்டது. எரிந்த கோப்பு என்று பதில் வந்தால் அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். மாற்று ஆவணங்களைத் தேடித் தர வேண்டிய கூடுதல் கடமை அதனால் வி.ஏ.வுக்கு வருகிறது.

விடுப்பு ‘கண்ணியமானது’ என்று இல்லாவிட்டாலும் உடனே கைவிடாதீர்கள். பல வகைகளில் வி.ஏ. தனியாக ஆராய்ந்து முடிவு செய்யும். இங்கே கட்டாயம் ஒரு சங்க அலுவலரோ வழக்கறிஞரோ கூட இருக்கட்டும்.

நோயறிக்கை

‘மூச்சு வாங்குகிறது’ என்பது அறிகுறி. ‘ஆஸ்துமா’ என்று மருத்துவர் எழுதி, சோதனை முடிவையும் இணைத்தால்தான் அது நோயறிக்கை. மனுவில் அறிகுறியை மட்டும் எழுதினால் மறுப்பு வர வாய்ப்பு அதிகம். வளைகுடாவில் பணியாற்றியவர்களின் காரணம் தெரியாத நாள்பட்ட நோய்களுக்குத் தனி விதி உண்டு, அதை மட்டும் விலக்காகக் கொள்ளுங்கள்.

சிறு மூச்சுக்குழல் இறுக்கம் தந்திரமான நோய். சி.டி. ஸ்கேனிலும் மூச்சுச் சோதனையிலும் எல்லாம் சரியாகவே இருப்பதாக வரலாம். வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், காரணம் தெரியாத மூச்சிரைப்போடு வந்த வீரர்களில் 49 பேருக்கு நுரையீரல் திசு எடுத்துப் பார்த்தபோது 38 பேருக்கு இந்த நோய் இருந்தது. 2003இல் மோசுல் அருகே மிஷ்ராக் கந்தக ஆலையில் பிடித்த தீயின் புகை பட்டவர்கள் பலர் அதில் இருந்தார்கள். ‘ஸ்கேன் நார்மல்’ என்ற ஒரு வரியோடு மருத்துவர் அனுப்பிவிட்டால், ராணுவப் பணி வரலாற்றைச் சொல்லி நுரையீரல் நிபுணரிடம் பரிந்துரை கேளுங்கள். திசு எடுப்பது அறுவை சிகிச்சை. செய்வதா வேண்டாமா என்பது மருத்துவரும் நோயாளியும் பேசி முடிவு செய்ய வேண்டியது. மனுவுக்காக யாரையும் அதற்குத் தள்ளாதீர்கள்.

தனியார் மருத்துவர் பதிவுகளுக்கு 21-4142, 21-4142ஏ என்ற அனுமதிப் படிவங்களை நிரப்பினால் வி.ஏ.வே வரவழைக்கும் என்பார்கள். வரவழைக்கும்தான், ஆனால் மருத்துவமனை பதில் அனுப்பாவிட்டால் ஒன்றிரண்டு நினைவூட்டலோடு விட்டுவிட்டு, இருப்பதை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடும். நீங்களே கேட்டு வாங்கி இணைப்பதே மேல்.

வாக்குமூலம்: அதிக நேரம் செலவிட வேண்டிய இடம்

படைவீரருடைய வாக்குமூலத்துக்குப் படிவம் 21-4138, சாட்சிகளுடையதற்கு 21-10210. பலரும் ‘நான் நாட்டுக்காக உழைத்தேன், இப்போது கஷ்டப்படுகிறேன்’ என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். படிக்கிறவருக்கு வேண்டியது இடம், தேதி, தூரம், எத்தனை முறை, அப்போது என்ன ஆனது, இப்போது என்ன ஆகிறது. ஒரு மாதிரியைப் பாருங்கள்:

“2005 ஜனவரி முதல் டிசம்பர் வரை பலாட் தளத்தில் லாரி ஓட்டுநர். எங்கள் கூடாரம் குழியிலிருந்து அரை மைலுக்குள். வாரத்தில் மூன்று நான்கு நாள் காற்று எங்கள் பக்கம் அடிக்கும், காலையில் படுக்கை விரிப்பில் சாம்பல் இருக்கும். குப்பை லாரியைக் குழி ஓரம்வரை ஓட்டிச் சென்று கொட்டினேன், முகமூடி தரவில்லை. ஏப்ரலில் கறுப்பாகச் சளி வந்தது. முதலுதவி நிலையத்தில் இருமல் மருந்து தந்தார்கள், எழுதி வைத்தார்களா தெரியாது. போகும் முன் இரண்டு மைல் ஓட்டம் 14 நிமிடம், திரும்பியபின் 18.”

கடைசி வரிக்குத் துணையாக ராணுவ உடற்தகுதிச் சோதனைச் சீட்டு இருந்தால் இணையுங்கள். நோய் தொடங்கிய காலத்தை எண்ணால் காட்டும் காகிதம் அதைவிட நல்லது கிடைப்பது அரிது.

மனைவியின் வாக்குமூலம் அவர் கண்டதோடு நிற்கட்டும்: இரவில் எத்தனை முறை எழுந்து உட்கார்ந்து இருமுகிறார், எந்த ஆண்டிலிருந்து, மாடிப்படி ஏற எங்கே நிற்கிறார். ‘புகையால்தான் இவருக்குப் புற்றுநோய் வந்தது’ என்று அவர் எழுதினால் மருத்துவக் கருத்தாக எடுக்க மாட்டார்கள், மற்ற வரிகளின் கனமும் குறையும். உடன் பணியாற்றியவரின் வாக்குமூலத்தில் அவரும் அதே அலகில் அதே காலத்தில் இருந்தார் என்பது முதல் வரியிலேயே வர வேண்டும். நான்கு பேர் ஒரே சொற்களில் எழுதிய வாக்குமூலங்களை எந்த அதிகாரியும் நம்ப மாட்டார். நீங்கள் கேள்வி கேளுங்கள், சொற்கள் அவர்களுடையதாக இருக்கட்டும்.

பட்டியலில் இல்லாத நோய்க்கு மருத்துவர் கடிதம் வேண்டுமென்றால் மூன்று அம்சங்களைப் பாருங்கள். பணி, மருத்துவப் பதிவுகளைப் படித்ததாக அவர் சொல்ல வேண்டும். ‘பணியால் வந்திருக்க 50 விழுக்காடோ அதற்கு மேலோ வாய்ப்பு’ என்று எழுத வேண்டும். ஏன் என்ற விளக்கம் வேண்டும். ‘வந்திருக்கலாம்’ என்ற சொல் ஒரு கடிதத்தையே வீணாக்கிவிடும். ஆதரவும் எதிர்ப்பும் சமமாக இருந்தால் தீர்ப்பு படைவீரர் பக்கம் என்பது சட்டம். அந்தச் சமநிலையைத் தொடும் அளவுக்கு மருத்துவர் துணிந்து எழுதினால் போதும்.

இவற்றோடு 21-526 ஈஸி படிவத்தை இணையத்தில் போடுங்கள். உயிர் ஆபத்தான நோய், வீடில்லாமை, கடும் பண நெருக்கடி, 85 வயதோ அதற்கு மேலோ ஆனவர் என்றால் 20-10207 படிவத்தையும் சேர்த்தால் முன்னுரிமை கிடைக்கும்.

பரிசோதனை நாள்

மனு போட்ட சில வாரங்களில் சி அண்ட் பி எனப்படும் இழப்பீட்டுக்கான மருத்துவப் பரிசோதனைக்கு அழைப்பு வரும். பெரும்பாலும் வி.ஏ. மருத்துவமனையிலிருந்து வராது, ஒப்பந்த நிறுவனத்திலிருந்து தெரியாத எண்ணில் வரும். விளம்பர அழைப்பு என்று துண்டித்துவிடுவதுதான் வழக்கமான விபத்து. போகாவிட்டால் இருக்கிற ஆதாரத்தை வைத்தே முடிவு எழுதுவார்கள், ஏற்கெனவே உள்ள விழுக்காட்டை (நோய் எவ்வளவு முடக்குகிறது என்று வி.ஏ. தரும் அளவு, மாதப் பணம் இதைப் பொறுத்தது) உயர்த்தக் கேட்ட மனுவானால் நேராகவே மறுப்பு. வர முடியாதென்றால் முன்கூட்டியே சொல்லி வேறு நாள் கேளுங்கள், கேட்டதையும் எழுதி வையுங்கள்.

படையில் இருந்தவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. “எப்படி இருக்கிறீர்கள்?” என்றால் “நன்றாக இருக்கிறேன் சார்” என்பார்கள். மருத்துவர் அதையும் எழுதிவிடுவார். முந்தைய இரவே அவரோடு உட்கார்ந்து மோசமான நாள் எப்படி இருக்கும், மாதத்தில் எத்தனை அப்படி, எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை, என்ன மருந்து எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். மிகைப்படுத்த வேண்டாம். பதிவுகளோடு முரண்பட்டால் உண்மையான பகுதியும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகும்.

எதைக் கேட்பார்கள் என்பது விழுக்காட்டு விதிகளில் இருக்கிறது. ஆஸ்துமாவுக்குத் தினமும் இன்ஹேலர் என்றால் 30, எப்போதாவது என்றால் 10. ஆகவே ‘இன்ஹேலர் உண்டு’ என்பது போதாது, ‘தினமும் காலை இரவு’ என்று மருந்துச் சீட்டோடு சொல்ல வேண்டும். சைனசைட்டிஸுக்கு ஆண்டில் எத்தனை முறை வந்தது என்பதே கேள்வி: தலைவலி, வலி, சீழ் அல்லது மேலோடு கட்டுதலோடு ஆறு முறைக்கு மேல் என்றால் 30, மூன்று முதல் ஆறு என்றால் 10. நாட்காட்டியில் குறித்து வைத்தவருக்கே இதற்குப் பதில் இருக்கும். செயலில் உள்ள புற்றுநோய்க்கு 100, சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனை.

திரும்பிய அன்றே, எத்தனை நிமிடம் நடந்தது, எதைக் கேட்கவில்லை, எந்தச் சோதனை செய்யவில்லை என்று எழுதி வையுங்கள். மேல்முறையீட்டில் இந்த ஒரு பக்கம் பலமுறை கை கொடுக்கும்.

விழுக்காட்டுக் கணக்கு

ஆஸ்துமா 30, சைனசைட்டிஸ் 30, மூக்கழற்சி 10. கூட்டினால் 70 என்று எண்ணுவார்கள். வி.ஏ. அப்படிக் கூட்டாது. முழு உடம்பு 100இல் 30 போக மீதி 70. அதில் 30 விழுக்காடு 21, ஆக 51. மீதி 49இல் 10 விழுக்காடு ஏறத்தாழ 5, ஆக 56. அருகிலுள்ள பத்துக்கு முழுமையாக்கினால் 60. கடிதத்தைப் பார்த்துத் தவறென்று மேல்முறையீட்டுக்கு ஓடும் முன் இதைப் போட்டுப் பாருங்கள். ஆஸ்துமாவும் சி.ஓ.பி.டி.யும் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியே தர மாட்டார்கள், கடுமையான ஒன்றுக்கே விழுக்காடு. 30ஐத் தொட்டால் மனைவி, குழந்தைகளுக்கான கூடுதல் தொகை கேட்கலாம். பலர் கேட்கவே மறந்துவிடுகிறார்கள்.

மறுப்புக் கடிதம் வந்தால்

முதலில் ஏன் என்ற பத்தியைத் தேடுங்கள். மூன்றில் ஒன்றுதான் இருக்கும்: நோயறிக்கை இல்லை, பணியிடம் உறுதியாகவில்லை, தொடர்பு இல்லை. பட்டியலில் உள்ள நோய்க்கு, பட்டியலில் உள்ள இடத்தில் இருந்தவருக்கு ‘தொடர்பு இல்லை’ என்று மறுத்திருந்தால் அது அவர்கள் பிழை. புதிய ஆதாரம் எதுவும் வேண்டாம். 20-0996 படிவத்தில் உயரதிகாரி மறுபார்வை கேளுங்கள், கூடவே தொலைபேசி உரையாடலும் கேளுங்கள். பிழை எந்தப் பக்கத்தில் எந்த வரியில் என்று அந்த உரையாடலில் சொல்லிவிடலாம்.

காகிதம் இல்லாததால் மறுத்திருந்தால், அந்தக் காகிதத்தைத் தேடிப் பிடித்து 20-0995 துணை மனுவில் போடுங்கள். பாக்ட் சட்டத்துக்கு முன் மறுக்கப்பட்டவர்களும் புதிய சட்டத்தைக் காட்டி இதே படிவத்தில் திரும்ப வரலாம். மூன்றாவது வழி 10182 படிவத்தில் மேல்முறையீட்டு வாரியம். நீதிபதியைப் பார்த்துப் பேச வேண்டும் என்றால் காத்திருப்பும் நீளும்.

மறுபார்வைக்கும் வாரியத்துக்கும் கடிதத் தேதியிலிருந்து ஓராண்டுதான். துணை மனுவை எப்போது வேண்டுமானாலும் போடலாம், ஆனால் ஓராண்டுக்குள் போட்டால்தான் பழைய தொடக்கத் தேதி காப்பாற்றப்படும். வாரியமும் மறுத்தால் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 120 நாள். அங்கே வழக்கறிஞர் இல்லாமல் போகாதீர்கள்.

எந்த வழி என்று தெரியாவிட்டால் 20-10206 படிவத்தில் அவருடைய முழுக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். வர மாதங்கள் ஆகலாம், ஓராண்டுக் கெடுவை மறந்து அதற்காகக் காத்திருக்க வேண்டாம். மனு எங்கேயோ சிக்கி அசையவில்லையென்றால் நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்துக்குப் போங்கள். தனியுரிமை அனுமதிப் படிவத்தில் படைவீரரின் கையெழுத்து இருந்தால், அங்குள்ள அலுவலர் வி.ஏ.விடம் நிலையை விசாரிப்பார். தீர்ப்பை மாற்ற அவரால் முடியாது, ஆனால் தூங்கும் கோப்பு எழுந்திருக்கும்.

மனு முடியும் முன் அவர் இறந்துவிட்டால்

மனு அவரோடு செத்துவிடாது. தகுதியுள்ள குடும்பத்தினர் ஓராண்டுக்குள் 21பி-0847 படிவத்தில் அவர் இடத்தில் நின்று அதையே தொடரலாம். நோய் பணியால் வந்தது என்று நிறுவப்பட்டால், 21பி-534 ஈஸி படிவத்தில் துணைவருக்கு மாதாந்திர உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். உயிரோடு இருக்கும்போது அவர் மனுவே போடவில்லையென்றாலும் இதற்குத் தடையில்லை.

இங்கே இறப்புச் சான்றிதழ்தான் அதிகம் காலை வாருகிறது. ‘இதயம் நின்றது’ என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இதயம் நிற்பது எல்லோருக்கும் கடைசியில் நடப்பது, அதை வைத்து வி.ஏ. எதையும் முடிவு செய்யாது. அடிப்படைக் காரணம் கணையப் புற்றுநோய் என்றால் அது சான்றிதழில் வர வேண்டும், பங்களித்த நோய்களும் வர வேண்டும். சான்றளிக்கும் மருத்துவரிடம் இதைச் சடங்குகளுக்கு முன்பே பேசுங்கள். ஏற்கெனவே வந்துவிட்டது என்றால், திருத்தம் கோரி அதே மருத்துவர் வழியாக மாநிலப் பதிவுத் துறைக்கு விண்ணப்பிக்கலாம். அவர் மறுத்தால், கடைசிக் காலத்தில் சிகிச்சை அளித்த புற்றுநோய் மருத்துவரிடம், நோய் மரணத்துக்கு எப்படி இட்டுச்சென்றது என்று ஒரு கடிதம் வாங்கி, சான்றிதழோடு சேர்த்து அனுப்புங்கள்.